சிறுவாட்டுப் பணம்

அரூர் நீதிமன்றத்துக்கு அருகில் ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். மனு தட்டச்சு செய்வதும் நகல் எடுத்துக் கொடுப்பதும் என் பிழைப்பு. அதுபோக, மாதத்தில் இரண்டு நாட்கள் தோளில் ஒரு துணிப்பையும் கையில் ஒரு தகர உண்டியலுமாகச் சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் நிற்கிறேன். எங்கள் வட்டாரத்தில் பெண்களின் வழக்குகளுக்குத் துணை நிற்கிற ஒரு மாதர் சங்கத்தில் 11 ஆண்டுகளாகத் தொண்டாற்றி வருகிறேன். பேசத் தெரிந்தவர்கள் அங்கே பேசுகிறார்கள், சட்டம் தெரிந்தவர்கள் வாதாடுகிறார்கள், எனக்கு அமைந்தது வசூல். அந்த வேலையைப் பற்றித்தான் இன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஏனென்றால் சங்கத்துக்குப் புதிதாக வருகிற பெண்கள் மேடையில் பேசவும் காவல் நிலையத்துக்குத் துணையாகப் போகவும் தயங்குவதில்லை, உண்டியலைக் கையில் கொடுத்தால் மட்டும் கூசிப்போகிறார்கள்.

உண்டியலை நீட்டும்போது என்னிடம் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "பொம்பளைங்களுக்குக் கவர்மெண்டே இலவசமா வக்கீல் கொடுக்குதே, அப்புறம் எதுக்கும்மா வசூல்?" நியாயமான கேள்வி. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் எந்தப் பெண்ணும் இலவசச் சட்ட உதவி பெறலாம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டமோ, மனு கொடுத்த மூன்று நாட்களுக்குள் சாதாரணமாக முதல் விசாரணை நடக்க வேண்டும் என்றும், அதிலிருந்து 60 நாட்களுக்குள் மனுவை முடித்துவைக்க நீதிமன்றம் முயல வேண்டும் என்றும் சொல்கிறது. எழுதியிருப்பதைப் போலவே நடந்தால் என் உண்டியலுக்கு வேலையே இருக்காது. நான் தட்டச்சு செய்து கொடுத்த ஒரு குடும்ப வன்முறை மனு, நான்கு ஆண்டுகள் கழித்து மேல்முறையீட்டுக்கு நகலெடுப்பதற்காக என் கடைக்கே திரும்பி வந்தது. முதல் தடவை தாயின் இடுப்பில் வந்த குழந்தை, இந்தத் தடவை பள்ளிச் சீருடையில் நின்றுகொண்டு, நகலெடுக்கும் இயந்திரத்தின் மூடிக்குக் கீழே ஓடுகிற வெளிச்சத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

வக்கீலுக்குக் கொடுப்பது மட்டுமே வழக்குச் செலவு என்று நினைப்பவர்கள் ஒரு வாய்தா நாளில் எங்களோடு வந்து பார்க்க வேண்டும். சித்தேரி மலையடிவாரத்து ஊர் ஒன்றிலிருந்து தருமபுரி மகளிர் நீதிமன்றத்துக்கு ஒரு பெண் போக வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2021 மே மாதத்திலிருந்து நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது பெரிய விடுதலைதான், மறுக்கவில்லை. ஆனால் அரூரிலிருந்து தருமபுரிக்குப் போகிறது வெளியூர்ப் பேருந்து, அதற்குச் சீட்டு வாங்கியாக வேண்டும். அவள் தனியாகப் போக மாட்டாள். எதிர்த்தரப்பு ஆட்கள் நீதிமன்ற வாசலில் கும்பலாக நிற்கும்போது தனியாகப் போகச் சொல்லவும் கூடாது. ஆகவே துணைக்கு ஒருவர், கைக்குழந்தை இருந்தால் அதுவும். இருவருக்கும் அன்றைய கூலி போகும். களையெடுப்போ, மரவள்ளி பிடுங்குவதோ, நூறு நாள் வேலையோ, எதுவானாலும் போகாத நாளுக்குக் கூலி இல்லை. மதியச் சாப்பாடு, குழந்தைக்குப் பால், இரண்டு நகல் என்று சேர்த்தால், கூலி இழப்பை விட்டுவிட்டுப் பார்த்தாலும் எங்கள் கணக்கில் ஒரு வாய்தாவுக்கு 500 ரூபாய்க்குக் குறைவதில்லை. மாலை மூன்று மணிக்கு "எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை, அடுத்த மாதம் வாருங்கள்" என்பார்கள். இப்படி 20 வாய்தா, 30 வாய்தா.

எதிர்த்தரப்பு எதையும் நிரூபிக்கத் தேவையில்லை, நாட்களைக் கடத்தினால் போதும். முன்பு சொன்னதை மாற்றிச் சொல்கிறவரைப் பிறழ்சாட்சி என்கிறார்கள். விலைபோய்விட்டாள் என்று ஊரும் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறது. நான் பார்த்தவரையில் விலைபோனவர்களைவிடப் பேருந்துக் கட்டணத்துக்குத் தோற்றவர்கள் அதிகம். கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டியதைச் சொல்லும் துணிச்சல் இருந்தும், கூண்டு வரைக்கும் போய்ச் சேர வழியில்லாதவர்கள் அவர்கள்.

எங்கள் பக்கத்தில் இந்தப் பேச்சை எடுத்தால் அது வாச்சாத்திக்குப் போகாமல் நிற்காது. அரூர் வட்டத்தில், சித்தேரி மலையின் அடிவாரத்தில் இருக்கிற பழங்குடி ஊர் அது. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி, வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து அந்த ஊருக்குள் புகுந்தன. 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கப்பட்டார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன, பெண்களையும் குழந்தைகளையும் கூடச் சிறையில் அடைத்தார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் மாதர் அமைப்புகளும் இடதுசாரிகளும் அதைக் கையில் எடுத்து, உச்ச நீதிமன்றம் வரை போய், 1995இல் சென்னை உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்ட பிறகுதான் வழக்கு நகர்ந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. சரியாக 12 ஆண்டுகள் கழித்து, 2023இல் அதே செப்டம்பர் 29 அன்று, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் ஆளுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டார். அந்த ஊருக்கு அவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதிய தீர்ப்பு அது.

மொத்தம் 31 ஆண்டுகள். அந்தப் பெண்கள் தங்கள் சொல்லிலிருந்து பின்வாங்கவில்லை. அவர்களுடைய மனவுறுதியைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள், எழுதத்தான் வேண்டும். எனக்கோ, அந்த 31 ஆண்டுகள் எத்தனை பேருந்துப் பயணம், எத்தனை நாள் கூலி, எத்தனை வேளைச் சோறு என்று கணக்குப் பார்க்கிற பழக்கம் வசூலால் வந்துவிட்டது. மனவுறுதி மனிதருக்குள்ளிருந்து வருவது. அதைக் கடைசி வாய்தா வரை கொண்டுபோய்ச் சேர்க்கிற செலவை மட்டும் வெளியிலிருந்து யாராவது கொடுத்தாக வேண்டும்.

அதை யார் கொடுக்கிறார்கள்? தலைவர்களிலும் அப்படிக் கொடுத்தவர்கள் உண்டு. மதுரையின் கே.பி. ஜானகி அம்மாள் நாடக மேடையில் சம்பாதித்ததையும் தன் நகைகளையும் இயக்கத்துக்கே கொடுத்துவிட்டார். ஆனால் எங்கள் உண்டியலில் விழுவது நகை விற்ற பணமல்ல, சிறுவாடு. அரிசிப் பானைக்குள்ளும் அஞ்சறைப் பெட்டிக்கு அடியிலும் கல்யாணப் புடவையின் மடிப்பிலும், வீட்டு ஆண்களுக்குத் தெரியாமல் பெண்கள் ஒளித்துச் சேர்க்கிற பணம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், தாய்வீட்டில் ஒரு விசேஷம் என்றால், ஒருநாள் அடி பொறுக்க முடியாமல் வீட்டைவிட்டுக் கிளம்ப நேர்ந்தால், பேருந்துக்கு இருக்கட்டும் என்று வைக்கிற பணம். அதிலிருந்து பிரித்து, முகம் தெரியாத இன்னொருத்தியின் வழக்குக்குப் பத்து ரூபாய் போடுகிறாள். இதை நான் நன்கொடை என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அவள் தனக்கென்று வைத்திருந்த பேருந்துக் கட்டணத்தை, இன்று போக வேண்டியிருப்பவளுக்குக் கொடுக்கிறாள்.

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் முதன்முதலில் தொடங்கியது எங்கள் தருமபுரி மாவட்டத்தில்தான், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. சேமிப்பு என்ற ஒன்றைப் பெண்கள் வெளிப்படையாகச் செய்ய வைத்தது அது. ஆனாலும் குழுப் பணத்துக்குக் கணக்குப் புத்தகம் உண்டு, வட்டி உண்டு, வீட்டில் எல்லோருக்கும் அதன் தொகை தெரியும். சிறுவாடு அதற்குப் பக்கத்திலேயே, யாருக்கும் தெரியாமல் தொடர்ந்து வாழ்கிறது. இந்த இரண்டையும் அறியாமல் எங்கள் ஊரில் வசூலுக்குப் போக முடியாது. தனியார் கடன் நிறுவனங்களின் வாரத் தவணை நாளில் எந்தத் தெருவிலும் நான் உண்டியல் ஏந்துவதில்லை. அன்று எல்லோருடைய முகமும் வாடியிருக்கும். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை தொடங்கிய பிறகு, மாதத்தின் 15ஆம் தேதியை அடுத்து வரும் புழுதியூர் புதன் சந்தைதான் எங்களுக்கு நல்ல நாள்.

உண்டியலைக் குலுக்கக் கூடாது என்பது நான் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம். சத்தம் கேட்டுத் திரும்புகிறவர்கள் தலையைக் குனிந்துகொண்டு நடந்துவிடுவார்கள். எதிரே நின்று, கண்ணைப் பார்த்து, எந்த வழக்கு, அடுத்த வாய்தா என்றைக்கு, எதற்காகப் பணம் என்பதை இரண்டு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். பெண்ணின் பெயரையோ ஊரையோ சொல்லக் கூடாது. டீக்கடை பெஞ்சிலிருந்து "குடும்பத்தைப் பிரிக்கிற கூட்டம்" என்று ஒரு குரல் வரும். பதில் சொல்லாமல் அடுத்தவரிடம் போக வேண்டும். பதில் சொல்ல ஆரம்பித்தால் டீக்கடையில் நாம் ஜெயிக்கலாம், ஆனால் பக்கத்தில் காய்கறிக் கூடையோடு நின்று இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்க்க யோசித்துக்கொண்டிருந்தவள் எல்லோரும் பார்க்கிறார்களே என்று போய்விடுவாள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, சங்கத்தின் இளைய பெண்கள் உண்டியலில் கியூஆர் குறியீடு ஒட்டலாம் என்றார்கள். ஒட்டினோம். ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பெண்கள் அதில் அனுப்புகிறார்கள், நல்ல தொகையாகவே வருகிறது. ஆனால் அந்த முதல் மாதமே புளிக் கொட்டகை ஒன்றில் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். மாசி, பங்குனியில் எங்கள் பக்கம் புளி தட்டும் காலம். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையைப் பிரித்தெடுப்பார்கள். கிலோ கணக்கில் கூலி. எங்களோடு வந்த பெண் ஆசையாகக் குறியீட்டைக் காட்டியபோது, ஒரு அம்மா புளி அப்பிய விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அதெல்லாம் வேணாம் கண்ணு. மெசேஜு அவரு போனுக்குப் போயிடும்." பிறகு, இடுப்பிலிருந்து இரண்டு பத்து ரூபாய் நாணயங்களை எடுத்து உண்டியலில் போட்டார். யார் கொடுத்தது என்று எங்களுக்கும் தெரியாமல், அவள் வீட்டுக்கும் தெரியாமல் ஒரு பெண் இந்த இயக்கத்தில் சேர்ந்துகொள்ள இருக்கிற ஒரே வாசல் அந்தத் தகர டப்பாவின் மேலிருக்கும் விரலளவுப் பிளவுதான் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. புளிக் கொட்டகை நாணயங்கள் எண்ணும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எங்கிருந்து வந்தவை என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

2019ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒருநாள் உண்டியலைக் கவிழ்த்தபோது, எட்டாக மடித்த பழைய 500 ரூபாய் நோட்டு ஒன்று விழுந்தது. 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவோடு செல்லாமல் போன நோட்டு. அந்த நாட்கள் நினைவிருக்கும். வங்கியில் மாற்ற வேண்டுமென்றால் வரிசையில் நிற்க வேண்டும், அடையாள அட்டை காட்ட வேண்டும், எல்லாவற்றுக்கும் முன்னால் "இவ்வளவு காசு உனக்கு ஏது?" என்ற கேள்விக்கு வீட்டில் பதில் சொல்ல வேண்டும். எத்தனையோ பெண்கள் பல ஆண்டுகளாகச் சேர்த்த சிறுவாட்டை அந்த ஒரே மாதத்தில் கணவன் கையில் கொடுத்தார்கள். கொடுக்காமல் ஒருத்தி வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இரண்டு ஆண்டுகள் வைத்திருந்து, அது எங்கும் செல்லாது என்று நன்றாகத் தெரிந்த பிறகும், கிழித்துப் போட மனமில்லாமல் எங்கள் உண்டியலில் போட்டிருக்கிறாள். எண்ணிக்கொண்டிருந்த ஐந்து பேரும் சற்று நேரம் பேசவில்லை. அதை என்ன செய்வது என்று யோசித்து, கடைசியில் வரவுப் பக்கத்தில் "செல்லாத 500 – 1" என்று எழுதி, கணக்குப் புத்தகத்தின் பின்னட்டையில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தோம். இன்றும் அங்கேயே இருக்கிறது.

கணக்கைப் பற்றி நான் கொஞ்சம் பிடிவாதக்காரி என்று சங்கத்தில் பெயர். உண்டியலின் வாயைக் காகிதம் ஒட்டி, மூன்று பேர் கையெழுத்துப் போட்டு மூடுவோம். திறக்கும்போது ஐந்து பேராவது இருக்க வேண்டும், அதில் ஒருவர் சங்கத்துக்கு வெளியே உள்ளவராக இருக்க வேண்டும். அன்று மாலையே எண்ணி முடித்து, தொகையை என் கடைப் பலகையில் எழுதிவிடுவேன். 100 ரூபாயும் அதற்கு மேலும் கொடுப்பவர்களுக்கு ரசீது, அடிக்கட்டை எங்களிடம். ஒரு தடவை, 50 தாள் கொண்ட ரசீதுப் புத்தகம் ஒன்றைப் பேருந்தில் தவறவிட்டுவிட்டேன். முழுக்க என் கவனக்குறைவு. வெளியே சொன்னால் சங்கத்தின் பெயர் கெடும், பேசாமல் விட்டுவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. யாராவது அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு பாட்டியிடம் நூறு ரூபாய் வாங்கிவிட்டால் என்ன செய்வது என்ற ஒரே நினைப்பு. மறுநாள் அந்த 50 எண்களையும் போட்டு, இவை செல்லாது, தொலைத்தது நான் என்று என் பெயரோடு நோட்டீஸ் அடித்து, வசூல் செய்கிற எல்லா இடத்திலும் ஒட்டினேன். அந்த மாதம் வசூல் பாதியாகக் குறைந்தது, அடுத்த மாதமும் ஏறவில்லை. அப்படியும் அதைச் செய்ததில் எனக்கு வருத்தம் இல்லை. வீட்டில் கணக்குச் சொல்ல வேண்டிய பயத்தோடு கொடுக்கப்பட்ட பணத்துக்கு நாங்கள் கணக்குச் சொல்லாமல் இருக்கலாமா?

பெரிய தொகைகள் வராமல் இல்லை. ஓர் ஆலை நிர்வாகம், சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து இரண்டு லட்சம் ரூபாய் தருவதாக ஆள் அனுப்பியது. மகளிர் தின விழாவில் அவர்களுடைய பேனர் வைக்க வேண்டும். கூடவே, அவர்களிடம் வேலை பார்த்த ஒரு பெண், தன் மேற்பார்வையாளர்மீது கொடுத்திருந்த பாலியல் துன்புறுத்தல் புகாரில் நாங்கள் "சுமுகமாக" நடந்துகொள்ள வேண்டும். காசோலை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். ஆனால் அந்த முடிவு எளிதாக வரவில்லை. கூட்டத்தில் இரண்டு மூத்த தோழிகள், ஒரு புகாருக்காக மற்ற எல்லாப் பெண்களின் வழக்கையும் பட்டினி போடுவதா என்று கேட்டார்கள். 500 ரூபாயால் வகுத்தால் அது 400 வாய்தா. அந்த எண் இப்போதும் சில இரவுகளில் நினைவுக்கு வருகிறது. வேண்டாம் என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி, இன்று கேட்டாலும் அப்படியே தூக்குவேன். வெளிநாட்டு நிதி பெறும் பெரிய நிறுவனங்கள் எங்களைப் போன்ற சிறிய அமைப்புகளுக்குப் பகிர்ந்து கொடுத்துவந்த வழியும், 2020இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தால் அடைபட்டுவிட்டது. அதை நம்பியிருந்த அமைப்புகள் சில, அலுவலகத்தைப் பூட்ட வேண்டியதாயிற்று. நாங்கள் அப்போதும் சந்தையில்தான் நின்றோம்.

பத்து ரூபாய் நாணயத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். செல்லாது என்ற புரளி எங்கள் பக்கத்தில் இன்னும் சாகவில்லை. ரிசர்வ் வங்கி எத்தனை முறை செல்லும் என்று அறிவித்தாலும் பல கடைகளில் வாங்க மாட்டார்கள். கடையில் வாங்காத நாணயம் வீட்டில் தங்கும், தங்கியது சிறுவாட்டில் சேரும், சிறுவாட்டிலிருந்து எங்கள் உண்டியலுக்கு வரும். உண்டியல் வசூலில் பாதிக்கு மேல் அதுதான். மொத்தமாக வங்கிக்குக் கொண்டுபோனால் எண்ணி வாங்கச் சலித்துக்கொள்கிறார்கள். அரசுப் பேருந்து நடத்துநர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை. ஆகவே நாணயங்களை மாற்றாமல், வாய்தாவுக்குப் போகிற பெண்களிடம் பேருந்துக் கட்டணமாக அப்படியே கொடுத்துவிடுகிறோம்.

இந்த மாத வசூல் உண்டியலில் 4,370 ரூபாய், கியூஆர் வழியாக 6,150 ரூபாய். மூன்று வாய்தாவுக்குச் செலவு போக மீதம் கடைப் பலகையில் எழுதியிருக்கிறது. வரும் புதன்கிழமை புழுதியூர் சந்தையில் காலை ஏழு மணிக்கு நிற்போம். இன்னும் இரண்டு பேர் இருந்தால் மாட்டுச் சந்தைப் பக்கத்தையும் பார்த்துவிடலாம். வியாழக்கிழமை தருமபுரியில் ஒரு சாட்சிக்குக் குறுக்கு விசாரணை. அவளுக்கும் துணைக்குப் போகிற அக்காவுக்கும் போகவர ஆகும் கட்டணத்துக்குப் பத்து ரூபாய் நாணயங்களை எண்ணி ஒரு பழைய மாத்திரை டப்பாவில் போட்டு, கடை மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். அடியில் இருக்கும் நான்கைந்து நாணயங்களில் புளி ஒட்டியிருக்கிறது.